சிவப்பு அம்பு, பச்சை வட்டம்

ஆசிரியர்களுக்கு மன அழுத்தம் இருக்கிறது என்கிற விஷயம் ஒரு வியாழக்கிழமை மதியம் அரசாங்கத்துக்குத் தெரிந்துபோனது. அதுவரை அவர்களுக்குச் சம்பளம் இருக்கிறது, லீவு இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். மாதத் தேர்வின் மதிப்பெண்களைச் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை, அது 'மீண்டும் முயலவும்' என்று சொல்லிக்கொண்டே இருந்ததைப் பொறுக்கமாட்டாமல், போனைப் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் போட்டுவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அதை எவனோ படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். கற்றல் அடைவு உறுதி இயக்ககத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். கிணற்றை மூடச் சொல்லி முதலில் ஒரு சுற்றறிக்கை போனது. பிறகு, ஆசிரியர்களின் மன அழுத்தத்துக்கு என்ன வழி என்று நெடுநேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, அந்த இயக்ககம் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது. ஒரு தேர்வு வைத்தது.

ஆம்பூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் ஆதிகேசவன். மூன்றாம் வகுப்புக்கு என்பது பேச்சுக்கு. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர், அவரும் தலைமை ஆசிரியை சவுரியம்மாளும். ஊரில் பாதி வீடு ஷூ கம்பெனியை நம்பிப் பிழைக்கிற வீடு. பிள்ளைகளின் அம்மாக்கள் காலையில் கம்பெனி வேன் ஏறினால் இருட்டின பிறகுதான் இறங்குவார்கள். தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பிப் போகிறவர்கள் அவர்கள். பாவம், அவர்களுக்கு யார் சொல்வது?

ஆதிகேசவனுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஜூலை மாதம் கரும்பலகையில் நூறு என்று எழுதி, கீழே முப்பத்தேழு எழுதி, கோடு போட்டார். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஃபிர்தௌஸின் மகள் அஃப்ஷா எழுந்தாள்.

"சார், ஏழக் கழிக்க பூஜ்ஜியத்துல காணாது. பக்கத்துல கடன் வாங்கணும், சரி. பக்கத்துலயும் பூஜ்ஜியம்தான இருக்குது? அதுகிட்டயே ஒண்ணும் இல்ல, அது எப்டி சார் கடன் குடுக்கும்?"

அடடா என்று இருந்தது அவருக்கு. இருபத்துமூன்று வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேள்வி வந்தால் அன்றைக்குச் சோறே வேண்டாம் அவருக்கு. "சொல்றேன் உக்காரு," என்று சாக்பீஸை எடுத்தார். அதற்குள் சவுரியம்மாள் வாசலில் வந்து நின்று, "சார், வாரத் தேர்வு பேப்பர் வந்துட்ச்சி, பத்து மணிக்குள்ள போட்டோ புடிச்சி ஏத்தணுமாம்," என்றார்.

அது ஜூலை. அடுத்தடுத்து மாதத் தேர்வு வந்தது. மாநில அடைவுத் தேர்வு வந்தது. அடைவுத் தேர்வுக்கு மாதிரித் தேர்வு வந்தது. மாதிரித் தேர்வைப் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள் என்று அறிய முன்னோட்டத் தேர்வு, மாதிரித் தேர்வு நடந்து முடிந்த பிறகு வந்தது. நவம்பர் வரை கரும்பலகையில் நூறும் முப்பத்தேழும் அழியாமல் நின்றன. வட்டத்தைக் கருப்பாக்குவதில் அந்தப் பிள்ளைகள் புலி. வெளியே மை போகாமல், உள்ளே வெள்ளை தெரியாமல் அடிப்பார்கள். எந்த வட்டத்தை அடிப்பது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நேரம் இல்லையே!

இந்த நேரத்தில்தான் ஆசிரியர் மன அழுத்தத் தேர்வு வந்து சேர்ந்தது. முதல் கேள்வியே விஷயத்துக்கு வந்துவிட்டது. 'தேர்வுகளால் உங்களுக்கு மன அழுத்தம் ஏற்படுகிறதா? அ) இல்லை. ஆ) ஒருபோதும் இல்லை. இ) மகிழ்ச்சி ஏற்படுகிறது. ஈ) மேற்கண்ட அனைத்தும்.' ஆதிகேசவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'ஆமாம்' என்கிற விடையைத் தாளின் பின்பக்கத்தில்கூடத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. யோக்கியமான மனுஷன், ஓரத்தில் பேனாவால் 'ஆமாம்' என்று எழுதி, பக்கத்தில் அவராகவே ஒரு வட்டம் போட்டு அதைக் கருப்பாக்கி அனுப்பினார். இயந்திரத்துக்கு அது புரியவில்லை. அவருக்குச் சுழியம் போட்டது. மன அழுத்தத்தில் தோல்வி அடைந்தவர்கள் வேலூருக்குப் பயிற்சிக்கு வரவும் என்று ஆணை வந்தது.

வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி. மேடையில் இயக்ககத்தின் இணை ஒருங்கிணைப்பாளர் மதியழகன் பேசினார். அவர் கடைசியாக ஒரு வகுப்பறைக்குள் போனது மாணவனாக. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"ஆசிரியப் பெருமக்களே! உங்க வலி எனக்குத் தெரியும். நானும் டெஸ்ட்டால பாதிக்கப்பட்டவன்தான். போன மாசம் ஸ்டேட் ரேங்க்ல நம்ம மாவட்டம் கீழ எறங்குனப்ப எனக்குத் தூக்கமே வரல. அப்பதான் யோசிச்சேன், எனக்கே இப்படி இருந்தா ஆசிரியர்களுக்கு எவ்ளோ இருக்கும்? ஏன்னா என் அழுத்தத்த நான் அப்படியே உங்ககிட்டதான அனுப்புறேன்?" கைதட்டல் வரும் என்று நிறுத்தினார். வந்தது. "பிள்ளைங்க கத்துக்கிறாங்களா, இல்லியா, அது வேற டிபார்ட்மென்ட். நம்ம வேல அளக்கறது. அளக்கறத நிறுத்திட்டா அப்புறம் நமக்கு இங்க என்ன வேல இருக்குது, சொல்லுங்க?"

பிறகு மூச்சுப் பயிற்சி நடந்தது. மூச்சை இழுத்துச் செயலியில் பதிவேற்ற வேண்டும். பதிவு ஏறின பிறகுதான் விடலாம். மண்டபத்தில் நெட்வொர்க் கம்மி. முன்வரிசையில் இருந்த இரண்டு ஆசிரியைகளின் முகம் நீலம் பாரித்ததும், பயிற்சி சிறப்பாக நடைபெறுகிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் இயக்ககத்தின் தர ஆலோசகரை மேடைக்கு அழைத்தார்கள். வக்கார் அகமது. ஷூ கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் தர மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஜோடி ஷூவையும் ஒரு கத்தை ஸ்டிக்கரையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சிம்பிள் மேட்டர். எங்க லைன்ல ஷூல எங்க தப்போ அங்க சிவப்பு அம்பு ஒட்டுவோம். பாக்கறவனுக்கு ஒடனே தெரியும். ரீவொர்க் பண்ணி சரியாச்சின்னா பச்சை வட்டம். இத அப்படியே ஸ்கூலுக்குக் கொண்டாறோம். பெயிலான பிள்ளைக்கு சிவப்பு அம்பு. யூனிபார்ம்ல எடது தோள்கிட்ட, அம்பு மேல பாத்த மாதிரி ஒட்டணும். மூளையக் காட்டும். பச்சை வட்டம் இன்னும் வரல, டெண்டர்ல இருக்குது. டீச்சர்ங்களுக்கும் அதே அம்புதான். எங்க அழுத்தமோ அங்க."

ஆதிகேசவனை ஒரு பெண் அலுவலர் பரிசோதித்து, நெற்றியில் ஒன்றும் நெஞ்சில் ஒன்றுமாக ஒட்டினார். மூன்று வாரத்துக்குள் பாதிப் பிள்ளைகளாவது பச்சைக்கு வராவிட்டால் ஆசிரியர் ஏலகிரியில் ஒரு வருஷம் சீரமைப்பு முகாமில் இருக்க வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

"பச்சை ஸ்டிக்கரே இன்னும் வரலியேம்மா. எப்டி பச்சைக்கு வர்றது?" என்று கேட்டார் ஆதிகேசவன்.

அந்த அம்மாள் அவரை இரக்கத்தோடு பார்த்து, நெற்றியில் இன்னொன்று ஒட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர், "இன்னா சார், எந்தெந்த எடத்துல ஆபரேஷன்னு டாக்டர் மார்க் பண்ணி அனுப்பிட்டாரா?" என்று கேட்டுவிட்டு, உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர்மேல் நியாயமாக இரக்கப்பட்ட ஒரே ஆள் அந்தக் கண்டக்டர்தான்.

பள்ளிக்கூடத்தில் சவுரியம்மாள் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வருஷமா? நீங்க போய்ட்டா அஞ்சு கிளாசையும் நான் ஒருத்தி எப்டி சார் பாப்பேன்? எனக்கு மீட்டிங் போறதுக்கே வாரத்துல நாள் பத்தல. மூணாவது பிள்ளைங்க அப்படியே தொங்கலாய்டும்."

ஆதிகேசவனுக்கும் அதே கவலைதான். ஏலகிரி குளிரான ஊர், போனால் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் கடன் வாங்கிக் கழித்தல் தெரியாத பிள்ளை நாலாவதில் வகுத்தலுக்குப் போய் முழிக்கும், ஐந்தாவதில் பின்னத்தைப் பார்த்து அழும், எட்டாவதில் கம்பெனி வேனில் ஏறிவிடும். அதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். சரி, ஸ்டிக்கரை ஒட்டித் தொலைத்துவிட்டு மூன்று வாரமும் உட்கார்ந்து கணக்கு நடத்திவிடலாம் என்று முடிவு செய்தார். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு தோளாக ஒட்டிக்கொண்டு போனார். பத்தொன்பது பிள்ளைகள், பத்தொன்பது அம்பு. வெட்கமாக இருந்தது. இந்தக் கை சாக்பீஸ் பிடித்த கையா என்று இருந்தது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கழித்தல்தான், யார் வந்தாலும் சரி என்று கரும்பலகையில் முப்பத்தேழை இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.

மறுநாள் காலையில் அவர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது அஃப்ஷாவின் அம்மா ஃபிர்தௌஸ் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் தையல் லைனில் செக்கர் அவள். ஒரு தையல் கோணலாக ஓடினால் பத்தடி தூரத்தில் இருந்தே பிடித்துவிடுவாள் என்று பேர்.

"சார், உங்களுக்குத்தான் சார் டேங்க்ஸ் சொல்லணும்," என்றாள். "கவர்மென்ட்டு யூனிபார்ம் வந்ததுலேந்து சொல்லிட்டே இருக்கறேன், தோள் தையல் ரொம்ப மோசம், ஒரு இழுவையில உட்டுடும்னு. யாரும் கேக்கல. நீங்கதான் கரெக்ட்டா தையல் மேலயே அம்பு ஒட்டி ரிஜெக்ட் பண்ணி அனுப்பிச்சீங்க. நேத்து எங்க தெருவுல எல்லாரும் பிரிச்சிப் போட்டு டபுள் தையல் போட்டுட்டோம் சார். நானே ஒண்ணு ஒண்ணா செக் பண்ணி ஓகே பண்ணிட்டேன். நீங்களும் ஒருவாட்டி பாத்துக்குங்க."

ஆதிகேசவன் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். பத்தொன்பது பிள்ளைகளும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். தோளில் சிவப்பு அம்பு ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் கம்பெனியின் பச்சை வட்டம், ஓகே ஸ்டிக்கர், வரிசையாக ஒட்டியிருந்தது. ஷூ கம்பெனிக்காரிக்குச் சிவப்பு அம்பு என்றால் ஒரே அர்த்தம்தான். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே பிரி, தை, பச்சையை ஒட்டு. அம்பு மூளையைக் காட்டுகிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அது காட்டியது தோள் தையலை.

"அய்யோ, இல்லம்மா, அது தையலுக்கு இல்ல..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே வாசலில் ஜீப் வந்து நின்றது. முன்னறிவிப்பில்லாத ஆய்வு. மதியழகனும் வக்கார் அகமதும் இறங்கினார்கள். மதியழகன் ஸ்டிக்கரை எண்ணுகிற செயலியைத் திறந்து, போனை நீட்டிப் பிடித்தபடி வகுப்புக்குள் வந்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு வீசு வீசினார். போன் மணி அடித்தது.

"நூறு சதவீதம்!" என்றார். குரல் தழுதழுத்தது. "மாநிலத்துலயே முதல் பச்சை வகுப்பு! ஒரே நாள்ல!"

"சார், ஒரு நிமிஷம்," என்றார் ஆதிகேசவன். "இது படிப்புக்கு ஒட்டின பச்சை இல்ல சார். தையல் சரி பண்ணதுக்குப் பிள்ளைங்களோட அம்மாங்க ஒட்டிட்டாங்க. நீங்க பச்சை ஸ்டிக்கரே இன்னும் குடுக்கலியே சார்."

"பாத்தீங்களா வக்கார் பாய், அரசு குடுக்கறதுக்கு முன்னாடியே தன் சொந்த முயற்சியில பச்சை! பெற்றோர் பங்கேற்பு வேற! இதுக்குத் தனியா மார்க் இருக்குது."

"ஒரு பிள்ளைய ஒரு கணக்கு கேட்டுப் பாருங்க சார். தெரிஞ்சிடும்."

மதியழகன் அவர் தோளைத் தட்டினார். "ஆதிகேசவன், போன்ல வந்ததுக்கு அப்புறம் பிள்ளைய எதுக்குக் கேக்கணும்? நாளைக்கு அது தப்பா சொல்லிச்சின்னா டேட்டாவ மாத்த முடியுமா?"

வக்கார் அகமது மட்டும் அஃப்ஷாவின் தோள் தையலைக் குனிந்து பார்த்தார். விரலால் இழுத்தும் பார்த்தார். அந்த மனுஷனுக்கு முழு விவகாரமும் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் சும்மாவா? நிமிர்ந்து ஆதிகேசவனின் காதருகில் வந்து, "வேல ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். நீங்க சும்மா பேஜார் பண்ணிக்காதீங்க. சரக்கு வாங்கற பையர் பாக்க வர்ற அன்னிக்கு எங்க ஃபேக்டரிலயும் எல்லாமே பச்சைதான்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அடுத்த வாரம் அதே கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. ஆதிகேசவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். தேர்வு அழுத்தத்தை அவர் எப்படிச் சமாளித்தார் என்கிற ரகசியத்தைச் சக ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவருக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"எனக்கு ஒரு ரகசியமும் தெரியாதுங்க," என்றார். "டெஸ்ட் பேப்பர் வந்தா நெஞ்சு படபடங்குது. செயலியத் தொறந்தா கை நடுங்குது. எப்பவாவது ஒரு பத்து நிமிஷம் யாரும் கூப்புடாம இருந்தா பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துவேன். அப்ப மட்டும் ஒண்ணும் இருக்காது. அவ்ளோதாங்க."

ஆசிரியர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதியழகன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"பாடம் நடத்துதல்!" என்றார். "வக்கார் பாய், இது நம்ம திட்டத்துல எங்கயாவது இருக்குதா?"

வக்கார் அகமது கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கயும் இல்ல சார்," என்றார்.

"பாத்தீங்களா! ஒரு சாதாரண கிராமத்து ஆசிரியர் எவ்ளோ பெரிய புதுமையக் கண்டுபிடிச்சிருக்காரு! உடனே இத சோதனை முயற்சியா கொண்டாறோம். தேர்ந்தெடுத்த பள்ளிகள்ல, வாரத்துல பதினஞ்சு நிமிஷம் ஆசிரியர்கள் பாடம் நடத்த அனுமதி. அதனால அழுத்தம் எவ்ளோ கொறையுதுன்னு பாக்க முன்தேர்வு, பின்தேர்வு. முன்தேர்வு முடியறவரைக்கும் மாவட்டத்துல யாரும் பாடம் நடத்திடாதீங்க, தயவு பண்ணி. டேட்டா கெட்டுடும். ஆதிகேசவன் சாரே இதுக்கு மாவட்டப் பயிற்றுநர். திங்கக்கிழமைலேந்து வேலூர்லயே இருப்பாரு."

"சார், என் கிளாஸ் சார்?" என்றார் ஆதிகேசவன். சால்வை நழுவியது.

"அதுதான் நூறு சதவீதம் ஆய்டிச்சே. அங்க இனிமே வாத்தியார் எதுக்கு?"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ஆதிகேசவனுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அவருடைய அம்மாவே அவரை அப்படிப் பார்த்ததில்லை. சால்வையை நாற்காலிமேல் போட்டார். மேடையிலிருந்து இறங்கினார். சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவன், "சார், பிரியாணி சார்," என்று கூப்பிட்டதைக்கூடக் காதில் வாங்காமல் நேரே போய் பஸ் ஏறிவிட்டார்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது கடைசி மணி அடிக்க அரை மணி இருந்தது. சவுரியம்மாள் ஓடி வந்தார். "சார், குழுவுல மெசேஜ் வந்துட்ச்சி. பாடம் நடத்தக்கூடாதாமே!"

"நீங்க எதையும் பாக்கல டீச்சர். கதவ மட்டும் சாத்திக்கிட்டுப் போங்க."

சவுரியம்மாள் ஒரு கணம் அவரைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு, யாராவது வருகிறார்களா என்று பார்க்க வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆதிகேசவன் போனை அணைத்தார். சாக்பீஸை எடுத்தார். "அஃப்ஷா, எந்திரி. பூஜ்ஜியத்துகிட்ட ஒண்ணும் இல்ல. இப்ப அது என்ன பண்ணும், சொல்லு."

அஃப்ஷா கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்தாள். "அதுவும் பக்கத்து வூட்டுல போய்க் கேக்குமா சார்?"

"கேக்கும்! அங்க நூறு இருக்குது. அத ஒடைச்சா பத்துப் பத்து. பத்தும் பூஜ்ஜியத்து வூட்டுக்கு வந்துட்ச்சி. அதுல ஒண்ண மட்டும் எடுத்து இந்தப் பக்கம் குடுத்துச்சின்னா, அதுகிட்ட எவ்ளோ நிக்கும்?"

"ஒம்போது!" என்று வகுப்பே கத்தியது.

"கடன் வாங்கிக் குடுத்துட்டு ஒம்போத அதுவே வச்சிக்கிதா? நல்ல பிசினஸ் சார்!" என்றாள் அஃப்ஷா. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஓடு பறந்துவிடும்போல் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து வந்து பலகையில் போட்டார்கள். இருநூறில் எழுபத்தெட்டு, நானூறில் ஐம்பத்தாறு. தப்பாகப் போட்டார்கள், அழித்தார்கள், சரியாகப் போட்டார்கள். மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஆதிகேசவனுக்கு நெஞ்சு படபடக்கவில்லை, கை நடுங்கவில்லை. பசி மட்டும் எடுத்தது.

திங்கட்கிழமை, உத்தரவை மீற முடியாமல் அவர் வேலூருக்குப் போய்ச் சேர்ந்த அதே நேரத்தில், மதியழகன் பள்ளிக்கூடத்து வாசலில் 'மாநிலத்தின் முதல் பச்சை வகுப்பு' என்று பலகை மாட்ட வந்தார். அஃப்ஷாவுக்குப் பெரிய மனுஷர்கள் வந்திருக்கிற சந்தோஷம். யாரும் கேட்காமலேயே எழுந்து போய், கரும்பலகையில் நூறிலிருந்து முப்பத்தேழைக் கழித்து, அறுபத்துமூன்று என்று விடை எழுதி, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு சார் கதவ சாத்திக்கிட்டு சொல்லிக் குடுத்தாரு," என்றும் சொன்னாள். மதியழகனுக்கு முகம் செத்துப்போனது. வாசலில் மாட்டின பலகையைத் திரும்பக் கழற்றச் சொன்னார்.

சாயங்காலம் ஆதிகேசவனுக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. தடை அமலில் இருக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு, அனுமதியின்றிப் பாடம் நடத்தி மாவட்டத்தின் அடிப்படைத் தரவைச் சிதைத்த குற்றத்துக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். பயிற்றுநர் பதவி ரத்து. மறு உத்தரவு வரும்வரை ஏலகிரி முகாம். இவ்வளவையும் அவர் ஒருமுறைதான் படித்தார். கீழே குற்றத்துக்கான ஆதாரம் என்று இருந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். 'மேற்படி வகுப்பைச் சேர்ந்த மாணவி, கடன் வாங்கிக் கழித்தல் கணக்கைப் பிறர் உதவியின்றிப் பிழையறப் போட்டது இணை ஒருங்கிணைப்பாளரால் நேரில் கண்டறியப்பட்டது' என்று அலுவலக முத்திரையோடு எழுதியிருந்தது. தன்னிடம் படித்த பிள்ளைக்குக் கணக்குத் தெரியும் என்று இந்த இலாகா எழுத்துமூலம் ஒப்புக்கொண்டது அவருடைய சர்வீஸில் அதுதான் முதல் தடவை.